திருகோணமலையில் சர்வதேசக் கராத்தே: எங்கள் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

திருகோணமலையில் சர்வதேசக் கராத்தே சுற்றுப்போட்டி நடத்தலாமா என்று கேட்டால், துறைமுகமும் கடற்கரையும் விடுதிகளும் இருக்கின்றனவே என்பார்கள். அவை மட்டும் போதாது.

ஒரு களத்துக்கு 8 மீற்றர் சதுரமும் சுற்றிவரப் பாதுகாப்பு இடைவெளியும் தேவை. அப்படிப் பல களங்களை விரிக்கக்கூடிய உள்ளரங்கு, தகைமை பெற்ற நடுவர்கள், மருத்துவக் குழு எல்லாம் வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கும் வீரர்களுக்குத் தரைவழிப் பயணமும் நீண்டது.

ஆனாலும் இங்கே நடக்கவேண்டும் என்றே சொல்வேன். பெரிய போட்டி என்றால் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் கொழும்புக்கே போகவேண்டும். பயணச் செலவை நினைத்தே பல பெற்றோர் பின்வாங்குகிறார்கள்.

போரைக் கண்டவர்கள் 'அடிதடியை ஏன் பழக்குவான்?' என்று கேட்பதும் நியாயமே. ஆனால் குமித்தேயில் முகத்துக்கு விடும் குத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் புள்ளி இல்லை, எச்சரிக்கைதான் கிடைக்கும். கராத்தே என்பதன் பொருளே வெறுங்கை. அது பிறந்த ஒக்கினாவா 1945 இல் போரில் சிதைந்த தீவு. 2018 இல் அங்கேயே சர்வதேசப் போட்டி நடத்தினார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், போட்டி முடிந்தபின் விரிப்புகள் யாருக்கு என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குவோம். இல்லாவிட்டால் சொந்த ஊரிலும் பார்வையாளர்களாகவே இருப்போம்.