பசளை நம்முடையது, விதை யாருடையது?



அண்மையில் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போன நான், முகத்துவாரத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். நமது மலைகளில் பெய்கிற மழை மஸ்கெலி ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் இறங்கி, களனி கங்கையாகிக் கடலில் சேருகிற இடம் அது. நாங்கள் பிறந்ததும் அதே களனி கங்கைப் பக்கம்தான், எட்டியாந்தோட்டையை அடுத்த ஒரு தோட்டத்தில். கலியாணம் முடித்து அவள் கொழும்புக்கு இறங்கினாள். வேலை கிடைத்து நான் மலைக்கு ஏறினேன்.

அவள் வீடு குறுகிய ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. மண் என்று சொல்ல ஒரு கைப்பிடியும் கிடையாது. ஆனாலும் மேல்தட்டில் பழைய பெயின்ட் வாளிகளில் பயற்றங்காயும் வெண்டியும் கொச்சிக்காயும் காய்த்துத் தொங்குகின்றன. பசளைக்கு வீட்டுக் குப்பையும் மரக்கறித் தோலும்தான். ஒரு மருந்தும் அடிப்பதில்லை.

"விதை எங்க வாங்கின?" என்று கேட்டேன்.

"வாங்கல்ல அண்ணே. அம்மா குடுத்த பயற்றங்காய் விதைதான். வருசா வருசம் எடுத்து வைக்கிறேன்" என்றாள். பிறகு அவளே என்னைத் திருப்பிக் கேட்டாள்: "நீங்க தோட்டத்துல இயற்கை விவசாயம் சொல்லிக் குடுக்கிறீங்களே, அந்த சனங்களுக்கு விதை எங்க இருந்து வருது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிற நம்மவர்களுக்குக் கூட்டெரு போடுவது எப்படி, மாட்டெருவை மக்கச் செய்வது எப்படி என்றெல்லாம் பல வருசமாகச் சொல்லி வருகிறேன். விதையைப் பற்றி ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னேன், அதையும் பிழையாகச் சொன்னேன். அந்தக் கதையில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த பிழை

மூன்று வருசத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு அக்காவின் பாத்தியில் கறிமிளகாய் நன்றாகக் காய்த்திருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். "விதைக்குக் காசு செலவழிக்காதீங்க, இதிலயே பழுக்க விட்டு எடுத்து வைங்க" என்று சொன்னேன். அவரும் என் பேச்சைக் கேட்டு அடுத்த போகத்துக்கு இரண்டு பாத்தி நிறைய அந்த விதையைப் போட்டார்.

காய் வந்தபோது ஒன்று நீளம், ஒன்று கட்டை, ஒன்று உறைப்பு, ஒன்று சப்பை. மொத்த வியாபாரி பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். "சேர், ஒங்க பேச்சக் கேட்டுத்தான் போட்டேன்" என்று அந்த அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த போகத்துக்கு ஒரு விதைப் பக்கட் வாங்கிக் கொடுத்தேன். போன போகம் போனதுதான்.

அந்தக் கறிமிளகாய் ஹைபிரிட், அதாவது கலப்பின விதை. பக்கட்டில் எஃப்1 என்று போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. வெவ்வேறு குணமுள்ள இரண்டு இனங்களைச் சேர்த்து உண்டாக்கும் முதல் தலைமுறை விதை அது. முதல் தலைமுறை எல்லாம் ஒன்று போல வரும், விளைச்சலும் கூடும். அதிலிருந்து எடுக்கிற விதையில் பாட்டன் குணமும் பாட்டி குணமும் பிரிந்து பிரிந்து வரும். சுரை போட்டால் அவரை முளைக்காது என்பது சரிதான். ஆனால் ஹைபிரிட் சுரை விதையை எடுத்துப் போட்டால் பத்து விதமான சுரை முளைக்கும்.

ஹைபிரிட் விதை நஞ்சு அல்ல. மரபணு மாற்றிய விதையும் அல்ல, அது வேறு விசயம். இயற்கை விவசாயச் சட்டங்கள் மரபணு மாற்றிய விதையைத் தடுக்கின்றன, ஹைபிரிட்டைத் தடுக்கவில்லை. ஹைபிரிட் போட்டால் ஒவ்வொரு போகமும் கடைக்குப் போக வேண்டும் என்பதே அதில் உள்ள பிரச்சினை.

இயற்கை விதை என்றால் என்ன?

இரசாயனப் பசளையும் மருந்தும் இல்லாமல் வளர்த்த தாய்ச் செடியில் இருந்து எடுத்த விதையே இயற்கை விதை. போஞ்சி, தக்காளி போன்ற ஒரு போகப் பயிர்களில் தாய்ச் செடி குறைந்தது ஒரு தலைமுறையாவது அப்படி வளர்ந்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி.

கடையில் சில விதைகள் சிவப்பு, நீலம், பச்சை நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சண மருந்து தடவிய விதையை அடையாளம் காட்டத்தான் பெரும்பாலும் அந்த நிறம். அது இயற்கை விதையல்ல. அதைத் தொட்டால் கை கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், மிஞ்சியதைக் கோழிக்குப் போடாதீர்கள்.

இயற்கை விவசாயிகளே ஏன் வாங்குவதில்லை?

இயற்கை விவசாயம் செய்கிற எல்லாரும் இயற்கை விதைதான் போடுகிறார்கள் என்று நாம் நினைப்போம். உண்மை அப்படியல்ல. ஐரோப்பாவின் இயற்கை விவசாயச் சட்டம் விதையும் இயற்கை விதையாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் கிடைக்காவிட்டால் மருந்து தடவாத சாதாரண விதையைப் போடலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். பல வருசம் கழிந்தும் அந்த விலக்கை விட முடியவில்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், 2036 முடிவதற்குள் விலக்கை நிறுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலும் 2002இல் இருந்து இதே மாதிரி விதிதான். அங்கே சின்ன விவசாயிகளை விட, பெரிய அளவில் மரக்கறி போடுகிறவர்கள்தான் இயற்கை விதையைக் குறைவாகப் பாவிக்கிறார்கள்.

காரணம் கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான். விலை கூட. தேவையான இனம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தேவையான அளவு இல்லை. முளைக்குமா என்ற பயம் வேறு. வாங்குகிற வியாபாரிக்கு ஒரே அளவுக் காய் வேண்டும், அதை ஹைபிரிட்தான் தருகிறது. பேலியகொடை மெனிங் மார்க்கட்டுக்குக் கோவாவும் கரட்டும் அனுப்புகிற நமது நுவரெலியா விவசாயியும் இதையேதான் சொல்வார். இதைப் பேராசை என்று சொல்ல முடியாது. ஒரு போகம் தவறினால் கடன்காரன் வாசலுக்கு வந்துவிடுவான்.

அதே நேரத்தில், சொந்த விதைதான் வேண்டும் என்கிற விவசாயிகளும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பசளையை அள்ளிக் கொட்டி வளர்க்கத் தெரிவு செய்த இனம், பசளை குறைந்தால் சோர்ந்து போகும். குறைந்த சத்திலும் வேரை ஆழமாக விட்டு, புல்லோடு போட்டி போட்டு வளர்கிற இனம்தான் இயற்கை விவசாயத்துக்கு ஏற்றது. அது வேண்டுமென்றால் அப்படிப்பட்ட மண்ணிலேயே வளர்த்து, அங்கேயே விதை எடுக்க வேண்டும்.

இது உங்களுக்குத் தெரியாத விசயமல்ல. பழைய விதைத் தேயிலை மலையையும் விபி மலையையும் பாருங்கள். விபி மலையில் செடியெல்லாம் ஒன்று போல, கொழுந்தும் கூட. விதைத் தேயிலையில் செடிக்குச் செடி வித்தியாசம், கொழுந்து குறைவு. ஆனால் ஆணிவேர் ஆழமாகப் போவதால் வரட்சி வந்தால் அது தாங்கி நிற்கிறது. மரக்கறி விதையிலும் இதே கணக்குத்தான்: கூடுதல் விளைச்சல் ஒரு பக்கம், தாங்கும் சக்தி மறுபக்கம்.

2021 சொல்லித் தந்த பாடம்

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. முழு நாடும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். அந்த வருசம் நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பசளை இல்லாமல் மலை மஞ்சளாகி, கொழுந்து குறைந்து, நிறை சேராமல் நின்ற நாட்கள் அவை. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. பசளைத் தட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அப்போது எல்லாரும் பசளையைப் பற்றித்தான் பேசினார்கள். வயலில் இருந்த நெல்லோ, 1970களில் இருந்து பரவிய குட்டை இனங்களின் வழி வந்தது. பசளை போட்டால் நன்றாக விளையும் என்பதற்காகவே தெரிவு செய்த இனங்கள் அவை. பசளையை ஒரே நாளில் நிறுத்தினார்கள், விதையை ஒரே நாளில் மாற்ற முடியுமா? குறைந்த பசளையில் வளரப் பழகிய சுவந்தல், களுஹீனட்டி, பச்சைப்பெருமாள், மடத்தவாலு போன்ற பழைய நெல்லினங்கள் நாட்டில் இருந்தன. சில விவசாயிகள் கைவிடாமல் வைத்திருந்தார்கள். கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய தாவர மரபணு வள நிலையத்திலும் பழைய இனங்களின் விதைகளைக் குளிரில் வைத்துக் காக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் விதைக்க அது போதாது. அந்த நெல் விளைச்சலிலும் குறைவு.

அடுத்த வருசம், 2022இல், டொலர் இல்லாமல் போனபோது வெளிநாட்டு மரக்கறி விதையின் விலை ஏறியது. விதையை நம் கையில் வைத்திராதவர்களுக்கு அது இரண்டாவது அடி.

இந்தியாவில் ஒருவர் செய்த வேலை

தமிழ்நாட்டில் நெல் ஜெயராமன் என்று ஒருவர் இருந்தார். இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் வழியில் வந்தவர். திருவாரூர் மாவட்டத்து ஆதிரங்கத்தில் 2006இல் இருந்து வருசந்தோறும் நெல் திருவிழா நடத்தினார். அங்கே விவசாயிக்கு 2 கிலோ பழைய இன விதை நெல் கொடுப்பார்கள். அடுத்த வருசம் அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். அது வேறு இரண்டு பேருக்குப் போகும். இப்படியே 170 வரையிலான நெல்லினங்களை அவர் மீட்டார். 2018இல் காலமானார். அவர் கொடுத்த விதை இன்றும் பல வயல்களில் விளைகிறது. விதை கைமாறக் கைமாறத்தான் பெருகும் என்பதை அவர் செய்தே காட்டினார்.

நமது பாத்தியில் எதை எடுத்து வைக்கலாம்?

எல்லா விதையையும் நாமே எடுக்க முடியாது. கோவா, கரட், பீட்ரூட், லீக்ஸ் ஆகியவை முதலில் இலையும் கிழங்கும் வைத்து, நல்ல குளிர் பட்ட பின்பே பூக்கிறவை. விதை எடுக்க நீண்ட காலம் பாத்தியை விட்டு வைக்க வேண்டும். சின்னக் காணிக்கு அது கட்டாது, அவற்றை வாங்குங்கள். உருளைக்கிழங்கையும் திரும்பத் திரும்ப வீட்டுக் கிழங்கில் இருந்தே போட்டால் நோய் சேர்ந்துகொண்டே போகும்.

போஞ்சி, பயற்றங்காய், அவரை, தக்காளி ஆகியவற்றில் தைரியமாக எடுக்கலாம். பூ தன்னிலேயே கருக்கட்டுவதால் இனம் அவ்வளவாகக் கலப்பதில்லை. கொச்சிக்காய், கத்தரி, வெண்டி ஓரளவு கலக்கும். பக்கத்தில் வேறு இனம் இல்லாத பாத்தியில் எடுங்கள். பூசணி, பாகல், சோளம் ஆகியவை தேனீயாலும் காற்றாலும் எளிதில் கலந்துவிடும்.

எடுக்கும் முறை இது:

1. முதலில் வாங்கும் பக்கட்டைப் பாருங்கள். எஃப்1 அல்லது ஹைபிரிட் என்று இருந்தால் விதைக்கு வைக்காதீர்கள். திகதியையும் முளைக்கும் வீதத்தையும் பாருங்கள்.

2. காய் பறித்து மிஞ்சியதில் விதை எடுக்கக் கூடாது. நன்றாக வளர்ந்த, நோயில்லாத செடிகளை முதலிலேயே தெரிவு செய்து ஒரு துணி கட்டி வையுங்கள். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் பட்டிருந்தால் அந்தச் செடி வேண்டாம். சில நோய்கள் விதையோடேயே வரும்.

3. போஞ்சியைக் கொடியிலேயே காய விடுங்கள். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்துக் கழுவுங்கள்.

4. நிழலிலும் இளவெயிலிலும் காய வையுங்கள். நமது ஈரக் காற்றில் இதுதான் கஷ்டம். மழை நாளில் அடுப்புக்குக் கிட்ட, சூடு நேரே படாத இடத்தில் வைக்கலாம்.

5. காய்ந்த போத்தலில், வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து அதோடு போட்டு இறுக மூடுங்கள். அரிசி ஈரத்தை இழுக்கும். பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள்.

6. விதைக்க முன் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் நல்ல விதை.

ஒரு வேண்டுகோள்

அந்தக் கறிமிளகாய் அக்கா இப்போது போஞ்சி விதை எடுத்து வைக்கிறார். கறிமிளகாயைப் பக்கட்டில்தான் வாங்குகிறார். எதை வாங்குவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்து நடக்கிறார். கேட்டால் "நட்டப்பட்டுத்தானே சேர் படிச்சேன்" என்கிறார். நீங்கள் நட்டப்படாமலே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைக் காம்பராவுக்கு வரும்போது, வீட்டில் பழைய விதை எது இருந்தாலும் ஒரு கரண்டி கொண்டு வாருங்கள். பாட்டிமாரிடம் கேளுங்கள், பரணில் எங்காவது ஒரு முடிச்சு இருக்கும். ஒரு கரண்டி வாங்கிப் போகிறவர் அடுத்த போகம் இரண்டு கரண்டியாகத் திருப்பித் தரட்டும். முதல் போத்தலை நான் வைக்கிறேன். முகத்துவாரத்தில் தங்கச்சி கொடுத்துவிட்ட பயற்றங்காய் விதை அது. கீழ்ப்பகுதித் தோட்டத்து உறவினர் இருக்கிற வீட்டார் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். நமது குளிருக்கு அது சரிவராது, அங்கே நன்றாகக் காய்க்கும்.