வெயிலைப் பிடித்து அடைத்த கண்ணாடி வீடுகள்: தெரியுமா உங்களுக்கு?

வெயில் போதவில்லை என்று பணத்தைக் கொட்டி வீடு கட்டினார்கள், தெரியுமா? மனிதர்களுக்கு இல்லை, செடிகளுக்கு!

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் சித்திரை பிறந்துவிட்டால் உச்சிப்பொழுதில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆடு மாடுகூட வேப்ப மரத்தடியை விட்டு நகராது. நாம் ஓடி ஒளிகிற இந்த வெக்கையைத்தான் இரும்புச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைத்து வைத்து, பனைக்கும் வாழைக்கும் ஊட்டி வளர்த்தார்கள் குளிர்தேசத்துக்காரர்கள். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர் பூங்காக்களில் நாம் அண்ணாந்து பார்த்து நிற்கிறோமே, அந்தக் கண்ணாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கதைகளைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்.

முதலில், அது எப்படிச் சூடாகிறது? மதியத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் நிறுத்திய காரைத் திறந்து பாருங்கள், முகத்தில் அறையுமே ஒரு அனல், அதுதான் சங்கதி. வெளிச்சம் கண்ணாடி வழியே தடையில்லாமல் உள்ளே வந்து மண்ணையும் தரையையும் சுட வைக்கிறது. சூடான காற்று மேலே கிளம்பிப் போக வழியில்லை. உள்ளேயே சுற்றுகிறது. அவ்வளவுதான் சூத்திரம்!

ஆனால் குளிர்காலத்தில் சூரியன் சரியாக எட்டிப் பார்க்காத ஊரில்? அங்கே நிலக்கரி எரித்தார்கள். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் அரண்மனையில் 1840-இல் கட்டி முடித்த பெரிய கண்ணாடி வீட்டுக்கு எட்டு கொதிகலன்கள். சூட்டைக் கொண்டுபோகும் குழாய்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்! குதிரை வண்டியை உள்ளேயே ஓட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவு பெரிசு. முதல் உலகப் போர் வந்தது, கரி கிடைக்கவில்லை, செடிகள் குளிரில் செத்தன. 1920-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதுவும் ஒரே வெடியில் விழவில்லை.

அதைக் கட்டியவர் யார் தெரியுமா? ஒரு தோட்டக்காரர். ஜோசப் பாக்ஸ்டன் என்று பெயர். இருபதுகளின் தொடக்கத்திலேயே சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரர் ஆனவர். அமேசான் ஆற்றிலிருந்து வந்த ராட்சத அல்லியை 1849-இல் அவர் கண்ணாடிக்குள் பூக்க வைத்தார். இங்கிலாந்தில் அந்த அல்லி பூத்தது அதுவே முதல் முறை. அதன் இலை மேல் தன் சின்ன மகள் ஆனியை நிற்க வைத்தார். இலை அசையவில்லை! இலைக்கு அடியில் ஓடும் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக எடையைத் தாங்குவதைக் கவனித்தார். அடுத்த வருஷமே, ஒரு ரயில்வே கம்பெனிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, மை ஒற்றும் தாளில் ஒரு கட்டடத்தைக் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் 1851-இல் லண்டனில் எழுந்த ஸ்படிக மாளிகை. அதில் பதித்த கண்ணாடிப் பலகைகள் 2,93,655! அங்கே நின்றிருந்த வளர்ந்த எல்ம் மரங்களை வெட்டாமல், அவற்றுக்கும் மேலே கூரையை வளைத்துக் கட்டினார்கள். கோஹினூர் வைரத்தை அங்கேதான் காட்சிக்கு வைத்தார்கள். திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய தந்தச் சிம்மாசனமும் அங்கேதான் இருந்தது.

இப்போது பெங்களூருக்கு வாருங்கள். லால்பாக் கண்ணாடி மாளிகை அந்த ஸ்படிக மாளிகையின் சாயலில் எழுந்தது. ஜான் கேமரூன் தோட்டக் கண்காணிப்பாளராக இருந்த காலம். அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர். நாள்: 1889 நவம்பர் 30. உயிரோடு இருந்திருந்தால் இங்கிலாந்துக்கே ராஜா ஆகியிருப்பார். 1892-இல் 28 வயதில் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் தம்பி ஐந்தாம் ஜார்ஜ் ஆனார். இன்னொன்று தெரியுமா? லண்டன் ஸ்படிக மாளிகை முழுக்க எரிந்து சாம்பலானதும் ஒரு நவம்பர் 30-ஆம் தேதிதான், 1936-இல்! மூலம் அழிந்துவிட்டது. அதன் சாயலில் எழுந்தது லால்பாக்கில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

பெங்களூரில் செடிக்குக் குளிராது, பிறகு எதற்குக் கண்ணாடி? மலர்க் கண்காட்சிக்கு! மழை நனைக்காமல், வெளிச்சமும் குறையாமல், ஆயிரக்கணக்கான தொட்டிகளை அடுக்கி வைக்க ஒரு மண்டபம் வேண்டியிருந்தது. குடியரசு தினத்தை ஒட்டியும் சுதந்திர தினத்தை ஒட்டியும் இன்றும் அங்கே கண்காட்சி நடக்கிறது.

ஊட்டியில் காரணமே வேறு. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்வெளியே வெள்ளையாக உறைந்துவிடும். அந்த உறைபனி பட்டால் இளங்குருத்து கருகிப்போகும். 1848-இல் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்த மெக்ஐவர் லண்டனின் கியூ தோட்டத்தில் பழகியவர். கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்கு வயது அதைவிடக் குறைவு, 1908-இல் போட்டது. அங்கேயும் பெரணியும் பூச்செடிகளுமாக ஒரு கண்ணாடி வீடு உண்டு.

அந்தக் கியூ தோட்டத்தின் பனை மாளிகை இருக்கிறதே, அடேயப்பா! 1844-இல் தொடங்கி 1848-இல் முடித்தார்கள். 110 மீட்டர் நீளம், ஏறத்தாழ 16,000 கண்ணாடிகள். கொதிகலன் தரைக்கு அடியில். புகை தெரிந்தால் அழகு கெட்டுவிடும் என்று நிலத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி, தூரத்தில் நின்ற ஒரு கோபுரத்தின் வழியே வெளியேற்றினார்கள். அதே சுரங்கத்தில் தண்டவாளம் போட்டுக் கரியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். 1775-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சைகாட் வகைச் செடி இன்றைக்கும் அங்கே தொட்டியில் உயிரோடு இருக்கிறது! கட்டபொம்மன் பிறந்தது 1760-இல். அவர் சிறுவனாக இருந்தபோது கப்பலேறிய செடி அது. இன்னொரு ஆச்சரியம்: முதலில் போட்ட கண்ணாடி பச்சை நிறம். வெயில் இலையைச் சுட்டுவிடக் கூடாதாம். நம் ஊர் நர்சரிகளில் கட்டியிருக்கும் பச்சை நிழல்வலையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி வருவது நம் சீமையின் கதை.

கண்ணாடி வீடு கப்பலேறியது, தெரியுமா? லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு 1829-இல் ஒரு மூடிய பாட்டிலுக்குள் புழுக்கூட்டை வைத்திருந்தார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், உள்ளே இருந்த ஈர மண்ணில் ஒரு பெரணி முளைத்திருந்தது! யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இலை விட்ட ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே வந்தது. அதை வைத்து அவர் செய்ததுதான் வார்டு பெட்டி. மரமும் கண்ணாடியுமாக, கையால் தூக்கக்கூடிய தோட்டம். அதற்கு முன் கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் மடிந்தன. பெட்டி வந்த பிறகு உலகமே இடம் மாறியது. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா, ஈக்வடார் காட்டிலிருந்து இந்தப் பெட்டிகளில்தான் 1861-இல் ஊட்டிக்கு வந்தது. வாங்கி வளர்த்தவர் அதே மெக்ஐவர்.

1876 ஜூனில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளோடு கியூ வந்து சேர்ந்தார். கண்ணாடிக் கூரைக்குக் கீழே விதைத்தார்கள். முளைத்தவை சுமார் 2,700. ஆகஸ்டில் 1,919 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. பெரும்பாலானவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. மலேயாவின் ரப்பர்க் காடுகளுக்கு விதை அதுதான்.

1876! அந்த வருஷம் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது, கம்மாய் வறண்டது, சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்கள் போயின. லண்டனில் கண்ணாடிக்குள் ரப்பர் கன்றுகள் தண்ணீர் குடித்து வளர்ந்த அதே மாதங்களில் இங்கே மேகம் இல்லை. பின்னாளில் அந்த ரப்பர் மரங்களுக்குப் பால் வெட்ட யார் போனது? ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் மானாவாரிக் காட்டு மக்களும் போனார்கள். கங்காணி கைகாட்ட, இலங்கைக்கு மண்டபம், தூத்துக்குடி வழியாகவும், மலேயாவுக்கு நாகப்பட்டினம், சென்னை வழியாகவும் கப்பல் ஏறினார்கள். பினாங்கிலும் ஈப்போவிலும் இன்றைக்கும் நமக்குச் சொந்தபந்தம் இருக்கிறதென்றால், அந்தக் கதையில் ஒரு கண்ணாடிக் கூரைக்கும் பங்கு உண்டு! பூங்காப் பலகைகளில் இதை எழுதி வைக்க வேண்டாமா? நான் கட்டாயம் வேண்டும் என்பேன். அழகு என்று பார்த்துவிட்டு வருகிற அந்த மாதிரிக் கட்டடங்கள் நம் தாத்தா பாட்டிகள் எந்த ஊரில் வேர்வை சிந்துவது என்பதையே தீர்மானித்திருக்கின்றன.

இதோ, தலைகீழ் அதிசயம். சிங்கப்பூரில் 2012-இல் திறந்த மலர்க் கூடம், 3,332 கண்ணாடிப் பலகைகள் கொண்டது. அங்கே வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலரும் வீட்டாரைக் கூட்டிப்போய்க் காட்டுகிற இடம். உள்ளே சூடு இல்லை, குளிர்! வெளியே புழுக்கம் கொல்ல, உள்ளே 23 முதல் 25 டிகிரிதான். இருநூறு வருஷம் வெப்பத்தைப் பிடித்து வைக்கப் பயன்பட்ட கண்ணாடி இப்போது வெப்பத்தை வெளியே நிறுத்துகிறது. நகரத்தில் வெட்டிய மரக்கிளைகளை எரித்து அதற்கான ஆற்றலில் ஒரு பகுதியை எடுக்கிறார்கள். அங்கே குளிரூட்டிப் பாதுகாக்கும் மரங்களில் பெருக்கமரமும் ஒன்று. இலங்கையின் மன்னாரில் அதே பெருக்கமரம் பட்டப்பகல் வெயிலில் தானாக நிற்கிறது!

கியூவில் 1987-இல் திறந்த இன்னொரு கண்ணாடி வீட்டில் பத்து விதமான தட்பவெப்பம். அதில் ஒன்று வறள்நிலம். அதாவது, நம் காடு! கள்ளி, கற்றாழை, பிரண்டை, கல்லுமுளையான் இந்த மாதிரிச் செடிகளையெல்லாம் குளிர்நாடுகளில் கண்ணாடிக்குள் வைத்துத்தான் காப்பாற்ற முடியும். நாம் வேலியோரம் மிதித்துப் போகிறோம். கல்லுமுளையானின் பூவைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? நிறமும் வரியும் அத்தனை நுணுக்கம்!

கண்ணாடி வீட்டைப் பார்க்க ஆசையா? தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸ் விருதுநகர், மதுரை வழியாக பெங்களூர் போகிறது. கொடைக்கானலுக்கு மதுரை போய் பஸ் ஏறினால் போதும். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், 1876-இன் கதையைச் சொல்லுங்கள்.

நம் ஊருக்குக் கண்ணாடி வீடு வேண்டியதில்லை. சித்திரையில் உள்ளே வைத்த செடி வெந்துவிடும். ஆனால் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு பூங்காவின் ஒரு மூலையை ஒதுக்கி, கரிசலிலும் செவலிலும் தானாக முளைக்கிற கள்ளியும் பிரண்டையும் கல்லுமுளையானும் உடைமரமும் நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைக்கலாம். கூரை வேண்டாம், கொதிகலன் வேண்டாம், கரி வேண்டாம். நகராட்சியும் ஊராட்சியும் பள்ளிகளும் இதைச் செய்ய வேண்டும். வேலி சுத்தம் செய்கிறோம் என்று கல்லுமுளையானை வெட்டி எறிவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.