மூச்சால் ஓடியவருக்கு மூச்சால் ஓர் இசை

ஃபின்லாந்து நாட்டில் பாவோ நூர்மி என்ற பெயரைக் கேள்விப்படாத குழந்தையே இருக்காது. 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடி 9 தங்கம் வென்றவர் அவர். 1924-இல் பாரீஸில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வென்றார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 5000 மீட்டரிலும் வென்றார்! கையில் கடிகாரத்துடன் ஓடுவது அவர் வழக்கம். ஒவ்வொரு சுற்றையும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் மூச்சு கடைசிவரை தாங்கும் என்பது அவருடைய கணக்கு.

இப்படிப்பட்டவரைப் போற்றி நாம் ஓர் இசை அமைப்போமா? அதற்குப் பொருத்தமான குழு அந்த நாட்டிலேயே இருக்கிறது. ஏழு பேர், ஏழு பித்தளை ஊதுகருவிகள்! மேல்சுரத்துக்குச் சின்னக் கார்னெட், அடிச்சுரத்துக்குப் பெரிய டியூபா, நடுவில் மற்றவை. புகழ்பெற்ற இசையமைப்பாளர் சிபேலியஸ் இளமையில் இந்த எழுவர் குழுவுக்காக இசை எழுதியிருக்கிறார்.

பித்தளைக் கருவியில் ஒலி எங்கே பிறக்கிறது? நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது அல்லவா? இங்கே வாசிப்பவரின் உதடுகளே சீவாளி! உதடுகளை இறுக்கி ஊதினால் அவை படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்பு குழாய்க்குள் இருக்கும் காற்றை அதிரவைக்கும். பாடுவது பித்தளை அல்ல, உள்ளே இருக்கும் காற்றுதான்.

குழாய் நீண்டால் சுரம் தாழும். டிரம்பெட்டின் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். பெரிய டியூபாவில் 5 மீட்டருக்கும் மேல்! வால்வை அழுத்தினால் கூடுதல் குழாய் ஒன்று திறந்து காற்றின் பாதை நீளும், சுரம் இறங்கும். வால்வைத் தொடாமல் உதட்டை மட்டும் இன்னும் இறுக்கினால், அதே குழாயில் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும்.

ஃபின்லாந்துக் குளிரில் வெளியே வாசித்தால் ஒரு சிக்கல் வரும். 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். 0 டிகிரியில் 331 மீட்டர்தான். குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் சுரமும் இறங்கிவிடும். அதனால்தான் வாசிக்கும் முன் கருவிக்குள் வெதுவெதுப்பான மூச்சை ஊதிச் சூடேற்றுகிறார்கள்.

நம் இசையில் டியூபா ஒரே சீரான தாளத்தில் ஒலிக்கட்டும். அது நூர்மியின் காலடி. இந்தத் தாளத்தைக் காப்பதும் மூச்சுதான். இசை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே மூச்சைக் கொட்டிவிடும் கலைஞருக்குக் கடைசிச் சுரம் நடுங்கும். ஓட்டக்காரருக்கும் அதே விதி. அதனால்தான் நூர்மிக்குப் பித்தளை இசையைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் 1 மீட்டர், 3 மீட்டர் என இரண்டு துண்டுகளை எடுத்துக் கழுவுங்கள். ஒரு முனையில் புனலைச் செருகுங்கள். மறுமுனையில் உதட்டை வைத்து "ப்ர்ர்ர்" என்று துடிக்கவிட்டு ஊதுங்கள். எந்தக் குழாய் தாழ்ந்த சுரத்தில் பாடுகிறது? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் சீராக ஊத முடிகிறது? இரண்டையும் குறித்துவைத்து நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.