கீழ்த்திசையிலிருந்து ஒரு நடத்துநர்

சிம்பொனி மேடையில் ஒலி எழுப்பாதவர் இசைக்குழு நடத்துநரே. ஆயினும், ஏறத்தாழ நூறு கலைஞர்கள் எப்போது தொடங்குவது, எந்த விரைவில் செல்வது, எக்கருவி மேலெழுவது, எது அடங்குவது என்பவற்றை அவருடைய கையசைவே தீர்மானிக்கிறது. கலைஞர்கள் நம்பாவிடில் அக்கைகளுக்கு ஆற்றல் இல்லை. ஜப்பானியரான சேய்ஜி ஓசாவா இதனைத் தம் 27ஆம் வயதில், தம் நாட்டிலேயே உணர நேர்ந்தது.

மஞ்சூரியாவில் 1935ஆம் ஆண்டு பிறந்த ஓசாவா, முதலில் பியானோ பயின்றார். ரக்பி ஆட்டத்தில் விரல்கள் காயமுற்றமையால், ஹிடெயோ சைட்டோ என்னும் ஆசிரியரிடம் இசைக்குழு நடத்தும் கலையைக் கற்கலானார். 1959இல் ஸ்கூட்டர் ஒன்றுடன் சரக்குக் கப்பலேறி ஐரோப்பா சென்றார். அவ்வாண்டே பிரான்சின் பெசான்சோன் நகரில் நடைபெற்ற இளம் நடத்துநர்களுக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றார். பின்னர்ப் பெர்லினில் கரயானிடம் பயின்றார்; நியூயார்க்கில் லியோனார்டு பெர்ன்ஸ்டைனுக்குத் துணை நடத்துநரானார்.

இப்புகழுடன் வந்தவரை 1962இல் டோக்கியோவின் என்.எச்.கே. சிம்பொனி இசைக்குழு நிகழ்ச்சிகளை நடத்த அழைத்தது. ஆனால், இளைஞரின் போக்கு குழுவினருக்கு ஒவ்வவில்லை; அவருக்குக் கீழ் வாசிக்க மறுத்தனர். திசம்பர் மாத நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. மூத்தோர்க்கு அடங்கி நடப்பதைப் பண்பாகக் கொண்ட சமூகத்தில் இது வெறும் இசைப் பூசலாக முடியவில்லை. நாடே பேசும் செய்தியாயிற்று. எழுத்தாளர்களும் இசையமைப்பாளர்களும் ஓசாவாவுக்காகத் திரண்டு, 1963 சனவரியில் தனி நிகழ்ச்சி ஒன்றை நடத்தச் செய்தனர். அதன்பின் அவர் மீண்டும் அமெரிக்கா சென்றார்.

டொராண்டோ, சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் இசைக்குழுக்களை நடத்தியபின், 1973 முதல் 29 ஆண்டுகள் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் இசை இயக்குநராக விளங்கினார். கீழைநாட்டவர் ஒருவர் பீத்தோவனின் உள்ளத்தை அறிவாரா என்னும் ஐயம் அவரைத் தொடர்ந்தே வந்தது. விடியலுக்கு முன் எழுந்து இசைக்குறிப்புகளை ஆழ்ந்து படிக்கும் வழக்கமே அதற்கு அவர் தந்த மறுமொழி எனலாம். மேலை இசையை மட்டும் அவர் சுமந்து செல்லவில்லை. ஜப்பானிய நரம்புக் கருவியான பீவாவும் மூங்கிற்குழலான ஷாகுஹாச்சியும் இசைக்குழுவோடு இணையும் தாகெமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' என்னும் படைப்பை, 1967இல் நியூயார்க்கில் முதன்முதலாக அரங்கேற்றியவரும் அவரே.

2002இல் வியன்னா அரசு இசைநாடக அரங்கின் இசை இயக்குநர் பொறுப்பு அவரை நாடி வந்தது. அதற்கு முன்பே, 1995 சனவரியில், என்.எச்.கே. இசைக்குழுவின் முன் அவர் மீண்டும் நின்றார். இடையில் 32 ஆண்டுகள் கடந்திருந்தன.