எக்ஸ்பார்ட்டி ஆன பிறகு

செங்கம், போளூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் தீபத்துக்குத்தான் திருவண்ணாமலைப் பக்கம் வருவார்கள். நிலத்தின் மேல் நடந்த வழக்கு, தாங்கள் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆகித் தீர்ப்பும் வந்துவிட்டது என்பது, நிறைவேற்று மனு நோட்டீஸோ நீதிமன்ற அமீனாவோ வாசலுக்கு வந்தால்தான் சிலருக்குத் தெரிகிறது.

முதலில் வக்கீல் மூலம் வழக்குக் கட்டைப் பார்க்க வேண்டும். தீர்ப்பு நகலுக்கும் அன்றே மனுப் போட்டுவிடலாம். கட்டில் தேட வேண்டியது சம்மன் சார்வான (சேர்ப்பிக்கப்பட்ட) விதம்: கையெழுத்து வாங்கினார்களா, கதவில் ஒட்டினார்களா, பத்திரிகை விளம்பரமா? தீர்ப்பை நீக்கக் கோரக் கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் அந்த 30 நாள், விஷயம் தெரியவந்த தேதியிலிருந்துதான் ஓடும். இந்தக் கெடுவைக் கணக்கிடப் பத்திரிகை விளம்பரத்தை முறையான சார்வாக 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் ஏற்பதில்லை. ஆக, சிலருக்குத் தாமத மன்னிப்பே தேவைப்படாது.

கெடு தாண்டியவர்கள் அச்சட்டத்தின் 5ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13இல் தீர்ப்பை நீக்க ஒரு மனு, நிறைவேற்றத்தை நிறுத்த ஒரு மனு எனச் சேர்த்துப் போடுவார்கள். எதிர்வாதவுரையையும் கையோடு கொடுத்தால், வழக்கை இழுக்க வந்தவரல்ல என்பது புரியும்.

தாமத மனுவில் எல்லாம் பிரமாணப் பத்திரத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம் என்று எழுதுவது நீதிபதிகள் கேட்டுச் சலித்த கதை. பெங்களூர் வாடகை ஒப்பந்தம், மேஸ்திரியின் கூலிச்சீட்டு போன்றவை அதைவிடப் பேசும். என். பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதம்; எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கப் போட்ட மனு தள்ளுபடியானதை அவருடைய வக்கீல் சொல்லவே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தும், 1998இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது: நாள் கணக்கைவிடக் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. அண்மைத் தீர்ப்புகள் அவ்வளவு தாராளமாக இல்லை.

மேல்முறையீடும் செய்யலாம், மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். கெடு கடந்தால் அங்கும் தாமத மனு வேண்டும். ஆனால் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானால் கட்டளை 9இன் வழி அடைபடும். தாமத மனு கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடியானால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனுவோடு போவார்கள்.

மனு ஏற்கப்பட்டால் பெரும்பாலும் எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்வார்கள். குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் கிடைத்த மன்னிப்பும் போய்விடும்.