மலேசியாவில் குழந்தையின் மதம்: ஒருவர் கையெழுத்து போதுமா?

மலேசியாவில் மணமான இந்துத் தம்பதியரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால், இருவரில் யார் வேண்டுமானாலும் சிவில் நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம். இதற்கு வழிசெய்த சட்டத் திருத்தம் 2018 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றே குழந்தைகளின் மதத்துக்கும் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், வரவில்லை. குழந்தையை மதம் மாற்றத் தாய், தந்தை இருவரும் சம்மதிக்க வேண்டும் என்ற 88ஏ பிரிவை 2017-இல் அரசு நீக்கிய பிறகே மசோதா நிறைவேறியது.

சிக்கலின் வேர், 1988-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 121(1ஏ). ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருவதில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்கிறது அது. முஸ்லிம் அல்லாதவரோ ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. ஒரு கதவு அவருக்குத் திறக்காது, மற்றது கைவிரிக்கும்.

ஈப்போவில் 2009-இல் நடந்தது இதுதான். மதம் மாறிய தந்தை, மனைவிக்குத் தெரியாமல் மூன்று குழந்தைகளையும் மாற்றினார். குழந்தைகள் அந்த இடத்திலேயே இல்லை. கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். பேராக் மாநிலச் சட்டம் கேட்கும் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவை மூவருமே சொல்லவில்லை. ஆனாலும் மதமாற்றச் சான்றிதழ் கிடைத்தது. பெற்றோர் மணந்தபோது பின்பற்றிய மதத்திலேயே குழந்தை வளர வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் அமைச்சரவை அறிவித்தது. அறிவிப்பு சட்டமாகவில்லை, அந்தத் தாய்க்கு உதவவும் இல்லை.

2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்தனர். மதமாற்றப் பதிவாளர் சான்றிதழ் தருவது நிர்வாகச் செயல். அது முறைப்படி நடந்ததா என்று பார்க்கும் அதிகாரத்தைச் சிவில் நீதிமன்றத்திடமிருந்து பறிக்க முடியாது. பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது தீர்ப்பு. இருந்தும் 2020-இல் பெர்லிஸ் மாநிலத்தில் இன்னோர் இந்துத் தாயின் மூன்று குழந்தைகள் அதேபோல மாற்றப்பட்டார்கள். அதைச் செல்லாததாக்க 2024 வரை வழக்காட வேண்டியிருந்தது. பதிவாளரைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லாதவரை, தீர்ப்பின் பலன் நீதிமன்றப் படியேறும் தாய்க்கு மட்டுமே கிடைக்கும்.

இந்துக்கள் எத்தனை பேர்? 2020 கணக்கெடுப்பில் 6.1 சதவீதம், முஸ்லிம்கள் 63.5.

மற்ற மதத்தார் துணை நிற்கிறார்களா? பௌத்த, கிறிஸ்தவ, இந்து, சீக்கிய அமைப்புகள் 1983-இல் அமைத்த கூட்டு மன்றம் இருவர் சம்மதத்துக்காகப் பேசிவருகிறது. 'சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம்' என்ற முஸ்லிம் பெண்கள் அமைப்பும் இருவர் சம்மதத்தை ஆதரிக்கிறது.

மதம் மாறியவர் மணமுறிவுக்கு முன் இறந்தால்? துணைவர், குழந்தைகள், இறந்தவரின் பெற்றோர் ஆகியோர் மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் பங்கு கோரலாம்.

மலேசியக் குடிமகனுடன் தமிழ்நாட்டில், உதாரணமாக விருத்தாசலத்தில், திருமணம் நடந்தால்? ஆறு மாதத்துக்குள் மலேசியத் திருமணப் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுக் குழந்தையை மாற்றினால்? சான்றிதழ் தானாக ரத்தாகாது. விவரம் தெரிந்த மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கோர வேண்டும்.