குவிந்த கணக்கும் தெளிந்த செய்தியும்



நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளில் தவறாது கையொப்பமிட்டு வந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் 13 வாரங்களில் 9 திங்கட்கிழமைகள் பள்ளிக்கு வரவில்லை. அவன் பெயரை நீக்க நேர்ந்த அன்றுதான் இதனைக் கண்டேன். எங்கள் ஊரில் திங்களன்று சந்தை கூடும். பையன் அங்கே மூட்டை சுமந்திருக்கிறான். ஒன்பது குறிகளும் என் மேசைமீதே இருந்தன. அவை சொல்லும் செய்திதான் என்னை வந்து சேரவில்லை.

தனித்தனியே கிடக்கும் இத்தகைய குறிப்புகளைத் தரவு என்பர். அவற்றைத் திரட்டி, ஒப்பிட்டு, ஒரு முடிவுக்கு வர உதவும் வடிவில் அமைத்தால் அது தகவல். முன்னதைப் பின்னதாக மாற்றுவதே வணிக மென்பொருளின் தொழில்.

இத்தொழில் தொடங்கியது ஒரு பலகாரக் கம்பெனியில் என்றால் வியப்பீர்கள். இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்னும் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட தேநீர்க் கடைகளை நடத்தியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறியைப் பின்பற்றி, அக்கம்பெனி தனக்கென ‘லியோ’ என்ற பொறியைக் கட்டிக்கொண்டது. 1951இல் அது ரொட்டி, கேக் முதலியவற்றின் மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது. பிறகு சம்பளக் கணக்கும் அதனிடம் வந்தது. தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும்.

ஆயினும் என்னைக் கவர்ந்தது அந்த வேகமன்று. 1954இல் தேநீர்க் கடைகளுக்காக வகுத்த முறையே. ஒவ்வொரு கடைக்கும் கிழமைதோறும் இன்னின்ன பண்டம் இவ்வளவு என்ற நிலையான பட்டியல் ஒன்று பொறியிடம் இருக்கும். கடைத் தலைவி மாறுதலை மட்டுமே தொலைபேசியில் சொல்வாள். செவ்வாய்க்கு வழக்கம் 40 பன் என்று வைத்துக்கொள்வோம். மழைக்குறி கண்டு, “நாளைக்கு 30 போதும்” என்பாள். கேட்பவர் உடனே அதனை அட்டையில் துளையிட்டுப் பதிவார். பொறி, பட்டியலையும் மாறுதலையும் சேர்த்து, எவ்வளவு செய்யவேண்டும் என்று சமையற்கூடத்துக்கும், எந்தக் கடைக்கு எதனை அனுப்பவேண்டும் என்று அனுப்புவோருக்கும், செலவு என்ன என்று மேலாளருக்கும் கணக்குத் தரும். ஒரே சொல் மூவருக்கு மூன்று தகவலாயிற்று! ஒருமுறை பதிந்ததை மறுபடி எழுத வேண்டுவதில்லை. எழுதும்தோறும் நேரும் பிழையும் இல்லை.

இன்றைய மென்பொருளும் இவ்வழியே செல்கிறது. விற்பனை, இருப்பு, கடன் யாவும் அட்டவணைகளில் சேர்கின்றன. கடைவாரியாக, பொருள்வாரியாக, நாள்வாரியாக அது தொகுத்துக் காட்டும். வழக்கத்துக்கு மாறானதைத் தனியே எடுத்துக்காட்டவும் செய்யும். இருப்பு குறைந்தால் எச்சரிக்கும். ஆனால் எதனைக் குறைவென்று கொள்வது என அதற்குச் சொல்லவேண்டியவர் ஒருவர் உண்டு. கடைத் தலைவி 30 என்றது 13 என்று பதிவானால், அந்தப் பிழையும் மூன்று இடங்களுக்குத் தவறாமல் போய்ச்சேரும்!

ஒரே கிழமையில் மும்முறை வராதவர் யார் என்று கேட்கும் விதி ஒன்றே போதும். கணிப்பொறி அம்மாணவனின் பெயரை மூன்றாம் வாரத்திலேயே என்முன் வைத்திருக்கும். அவன் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் போனது பெயரை நீக்கிய பின்னர்.